சொல்லாமல் விட்ட ஒரு மணி நேரம்

எங்கள் தீவில் மணி பன்னிரண்டு என்றால், துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பலுக்குள் பதினொன்று. ஃப்ளோரிடாவில் கிளம்பும்போது இருந்த நேரத்தையே கப்பல்காரர்கள் பயணம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். மார்ச்சில் அவர்கள் ஊரில் கடிகாரத்தைத் தள்ளி வைத்ததும் இரண்டு நேரமும் ஒன்றாகிவிடும். அதுவரை, குளிர்கால மாதங்களில், ஒரே மணலில் இரண்டு நேரம் நடக்கும்.

கடற்கரையில் பிழைக்கிற எங்களுக்கு இது மூச்சு விடுவதுபோல. டாக்ஸிக்காரன் லின்டன் ஒருவரை இறக்கிவிடும்போதே "கப்பல் மணி மூணரைக்கு வருவேன்" என்பான். நான் நீருக்கடியில் மீன் பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் காலில் மாட்டும் துடுப்பும் வாடகைக்குக் கொடுக்கிறவள். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொருவர் கையிலும் கண்ணாடியைக் கொடுக்கும்போது ஒரே வாக்கியத்தைச் சொல்லிவந்திருக்கிறேன்: "எங்களுக்குப் பன்னிரண்டு, உங்களுக்குப் பதினொண்ணு, பாத்துக்குங்க." நேரத்துக்கேற்ப எண் மாறும், அவ்வளவுதான்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரே ஒருவரிடம் அதைச் சொல்லவில்லை.

அவர் பெயர் டுவெய்ன். எழுபதை நெருங்கியவர். நெடிய உடம்பு, வெயிலில் சிவந்த கழுத்து. மனைவி ஆர்லீன் ஒரு கையில் பையும் இன்னொரு கையில் தொப்பியுமாகப் பின்னால் வந்தாள். கப்பலே ஏற்பாடு செய்கிற சுற்றுலாவில் வந்தவர்கள் இல்லை. அதில் வருகிறவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும்: எல்லார் சட்டையிலும் ஒட்டிய எண், முன்னால் கொடி பிடிக்கும் பையன், ஆளுக்கொரு மிதவைச் சட்டை, ஜோடி ஜோடியாகத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்ற கட்டளை. இவர்கள் தாங்களாகவே துறைமுக வாசலில் லின்டனைப் பிடித்து, பேரம் பேசி, மலைப்பாதை தாண்டி எங்கள் கரைக்கு வந்திருந்தார்கள். அப்படி வருகிறவர்களை எனக்குப் பொதுவாகப் பிடிக்கும். கூட்டமாக வருகிறவர்கள் என்னைப் பார்ப்பதே இல்லை. தனியாக வருகிறவர்களுக்கு ஏதாவது ஒன்றுக்கு நான் வேண்டியிருக்கும்.

டுவெய்னுக்கு நான் வேண்டியிருக்கவில்லை. அவர் கையில் நாலாக மடித்த தாள் இருந்தது. கணினியில் யாரோ எழுதியதை அச்சடித்துக்கொண்டு வந்திருந்தார். எங்கள் கரையின் படம் அதில் இருந்தது, அம்புக்குறிகளோடு. பெலிக்கன் பாறைக்கு இடப்பக்கம் பவளம் நன்றாக இருக்கும் என்று எனக்குச் சொன்னார். வலப்பக்கம் மதியத்துக்கு மேல் நீரோட்டம் வரும் என்றும் சொன்னார். நான் அந்தப் பாறையின் மேல் நின்று குதித்து நீந்தக் கற்றவள். தலையாட்டினேன்.

கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க நான் குழந்தைகளின் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு வாளியில் வைத்திருப்பேன். அதில் முக்கப் போனபோது அவர் கையை நீட்டித் தடுத்தார். "அம்மா, சோப்பு கண்ணை எரிக்கும். எச்சில்தான் சரி. இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரலையா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு நல்லது செய்கிற குரல். பிறகு நான் கண்ணாடிகளை மாட்டி வைத்திருந்த முறை சரியில்லை, ரப்பர் நைந்துபோகும் என்றார். எதை எப்படி மாட்ட வேண்டும் என்று ஒன்றை எடுத்து மாட்டியும் காட்டினார். பக்கத்தில் வறுத்த மீன் விற்கும் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "யூலாலி, வாத்தியார் வந்துட்டாரு, நோட்டுப் புத்தகத்தை எடு" என்று ஒருத்தி எங்கள் மொழியில் சொன்னாள்.

எனக்கும் சிரிப்பு வந்திருக்கலாம். வரவில்லை. அன்று காலை எழுந்ததிலிருந்தே யாரும் எதையும் எனக்குச் சொல்லித்தரக்கூடாது என்று இருந்தது. காரணம் சொல்லத் தெரியவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் சில நாட்கள் அப்படி விடிகின்றன.

அடகுக்கு இடதுகால் செருப்பை வாங்கிக்கொள்வது எங்கள் கரையில் வழக்கம். கப்பலின் அடையாள அட்டையை யாரும் நம்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒற்றைச் செருப்போடு யாரும் கப்பலுக்குத் திரும்பவும் மாட்டார்கள். டுவெய்ன் இடது செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். தன் கைக்கடிகாரத்தின் வார் காலையில் அறுந்துவிட்டது, கப்பல் அறையிலேயே வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி மணி கேட்டார்.

"பன்னிரண்டு" என்றேன்.

வாயில் அடுத்த பாதி தயாராக நின்றது. நின்றது எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை தெரிந்த மனிதருக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அதுகூடச் சரியில்லை. தெரியாவிட்டால் என்ன, அவருடைய தாளில் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். இமை மூடித் திறக்கும் நேரம். வாயை மூடிக்கொண்டேன். மூடியதில் ஒரு சின்ன இனிப்பு இருந்தது.

"ஒரு மணி நேரம்தான். ஒரு மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்துடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மனைவி பக்கம் திரும்பி, "ஆர்லீன், ஒரு மணிக்கு வந்துடுவேன்" என்று குரல் கொடுத்தார். அவள் கையை உயர்த்தினாள். அவள் மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது. அது கப்பல் நேரத்தில், பதினொன்றில் இருந்திருக்கும்; அப்போது நான் அதை யோசிக்கவில்லை.

ஆர்லீனுக்கு நீந்தத் தெரியாது. கடல்திராட்சை மரத்தின் நிழலில், என் வாளிக்கு எதிரே பத்தடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். காலடியில் பை, பைக்கு மேல் அவருடைய சட்டை, பக்கத்தில் வலதுகால் செருப்பு. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கோப்பை செம்பருத்திச் சாறு கொண்டுபோய்க் கொடுத்தேன். கணவரிடம் காட்டாத மரியாதையை அவளிடம் காட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது. அவள் பேசுவதற்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் பேசினாள். விஸ்கான்சினில் பனி இடுப்பளவு கிடக்கிறதாம். பதினாலு கப்பல் பயணம் முடித்திருக்கிறார்களாம். எல்லாத் துறைமுகத்திலும் இதே வேலைதானாம்: அவர் மீன் பார்க்கப் போவார், இவள் பையைக் காப்பாள்.

"உங்களுக்கு ஏதாவது பாடம் எடுத்திருப்பாரே" என்றாள். "முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்துல வேலை பாத்தவர். நிறுத்த முடியலை. மனசுல வச்சுக்காதீங்க."

நான் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். பயமாக இருக்காதா என்று கேட்டேன். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் தவறாமல் வந்து நிற்பார், அதனால் அந்த நேரம் வரைக்கும் பயப்படுவதில்லை என்று தீர்மானித்து வைத்திருப்பதாகவும், அது பழகிவிட்டதாகவும் சொன்னாள். கடலைப் பார்த்து உட்கார்ந்தால் ஒவ்வொரு அலையும் தலையாகத் தெரியும், அதனால் நிலத்தைப் பார்த்து உட்காருவாளாம். உண்மைதான். அவள் நாற்காலி கடலுக்கு முதுகு காட்டி, என்னைப் பார்த்து இருந்தது.

ஒரு மணிக்கு, எங்கள் ஒரு மணிக்கு, நான் செருப்புக் கூடையைப் பார்த்தேன். அவருடைய இடது செருப்பு அப்படியே கிடந்தது. ஒன்று பத்துக்கு மறுபடியும் பார்த்தேன். வாடகைக்கு எடுத்தவர்கள் பத்து நிமிடம், கால் மணி தாமதிப்பது சாதாரணம். ஒன்று இருபதுக்கு எழுந்து நின்று பாறைப் பக்கம் பார்த்தேன். நான்கைந்து குழாய்கள் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன. எது யாருடையது என்று கரையிலிருந்து தெரியாது. பிறகு ஆர்லீனைப் பார்த்தேன். அவள் ஒரு புத்தகத்தை மடியில் வைத்து, நிதானமாக ஆப்பிள் ஒன்றைத் துண்டு போட்டுத் தின்றுகொண்டிருந்தாள். என் பார்வையைக் கண்டு புன்னகைத்தாள். நானும் புன்னகைத்தேன்.

அந்தப் புன்னகையை எத்தனை தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறவர் இருபது நிமிடம் தாமதித்தும் மனைவி இப்படி ஆப்பிள் தின்கிறாள் என்றால், அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். கூடுதல் நேரம் எடுக்கப்போவதாகச் சொல்லியிருப்பார். எனக்கு இன்னொரு மணி நேரத்து வாடகை வரும். உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் மணி இரண்டுக்கு அவள் எழுந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, என்னிடம் வந்தாள். முகத்தில் கலவரம் இல்லை. கலவரத்துக்கு அப்போதுதான் நேரம் வந்திருந்தது.

"மணி ஒண்ணாயிடுச்சு. அவர் இன்னும் வரலை. நீங்க கொஞ்சம் பாக்க முடியுமா?" என்று கடிகாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

சின்ன முள் ஒன்றில் இருந்தது. நான் அந்த முள்ளைப் பார்த்தேன். அவள் நம்பியிருந்தது கப்பல் மணியை. வாயைத் திறந்து நான் சொன்னது, "இப்பவே பாக்கச் சொல்றேன் மேடம், நீங்க உக்காருங்க" என்பதுதான்.

கிளைவ் என்று, ஈட்டியால் மீன் குத்துகிற ஒருவன், படகை அப்போதுதான் கரையில் இழுத்து வைத்திருந்தான். அவனிடம் ஓடினேன். பாறையின் எந்தப் பக்கம் என்று கேட்டான். இடப்பக்கம் என்றேன். அந்தத் தாள் இடப்பக்கம் என்று சொல்லியிருந்தது, அவர் அதன்படிதான் போயிருப்பார். அவர் அப்படித்தான் போயிருந்தார். நீரோட்டம் அவரைத் தொடவே இல்லை. பாறைக்குப் பின்னால், ஆள் நின்றால் மார்பளவு வரும் தண்ணீரில், முகம் கவிழ்ந்து மிதந்தபடி இருந்தார். மீன் பார்க்கிறவர்கள் எல்லாருமே முகம் கவிழ்ந்து அசையாமல்தான் மிதப்பார்கள். பக்கத்தில் நீந்திய இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஏதாவது ஆமையைக் கண்டு அசையாமல் இருக்கிறார் என்று நினைத்தார்களாம்.

மணலில் போட்டு மார்பை அழுத்தினார்கள். மீன் விற்கும் பெண்களில் ஒருத்தியின் மகள் தாதி, அவள் ஓடி வந்து நெடுநேரம் முயன்றாள். ஆர்லீன் கடலுக்கு முதுகு காட்டியே நின்றாள். என் முன்கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விடவில்லை. "நான் சரியா ஒரு மணிக்கே சொல்லிட்டேன், இல்லையா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன்.

அதுதான் என் இரண்டாவது குற்றம் என்று நினைக்கிறேன். முதலாவதைவிடப் பெரியதா சிறியதா என்று தெரியவில்லை.

மருத்துவமனையில் மருத்துவர் இதயமாக இருக்கலாம் என்றார். தண்ணீருக்குள் இறங்கிய பத்தாவது நிமிடத்திலேயே நடந்திருக்கலாம், பிறகும் நடந்திருக்கலாம், எப்போதென்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆர்லீன் அதைத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். பிறகு அவரிடமும் சொன்னாள், ஒரு மணி ஆனதும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சொல்லிவிட்டேன் என்று. விஸ்கான்சினில் இருக்கும் மகனை லின்டனின் தொலைபேசியில் கூப்பிட்டபோதும் அதைத்தான் முதலில் சொன்னாள். அப்பா போய்விட்டார் என்பதற்கு முன்னால் அதைச் சொன்னாள். "நான் உக்காந்துட்டே இருந்துடலைடா. மணி ஒண்ணு ஆச்சு, எழுந்துட்டேன்." மூழ்குகிறவர் கட்டையைப் பிடிப்பதுபோல அவள் அந்த ஒரு மணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது மிதக்காத கட்டை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அப்புறம் இன்னொருவருக்கும் தெரிந்தது. காவல் நிலையத்திலிருந்து கார்ப்ரல் ஹிப்போலிட் வந்தார். அவரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தேடச் சொன்ன நேரத்தை ஆர்லீனிடம் கேட்டு ஒரு மணி என்று எழுதிக்கொண்டார். என்னை வெளியே மாமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டார். நான் இரண்டு என்றேன். பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப விடு, யூலா. நாளை மறுநாள் விமானம் ஏறிடும். இந்தத் தாளை அது எங்க படிக்கப்போகுது. இப்ப போய்ச் சொல்லி நீ என்னத்தைக் காணப்போற?"

அவர் சொன்னது நியாயம். இரக்கத்தோடும் சொன்னார். ஆனால் எனக்குள் அது வேறு விதமாக இறங்கியது. சொல்லாமலிருப்பது அவளுக்கு நல்லது, எனக்கும் நல்லது. இரண்டு நன்மையும் ஒரே பக்கம் சேர்ந்து நிற்கும்போது அதில் எதை நம்பித் தேர்ந்தெடுக்கிறோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவளுக்காக மௌனமாக இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். மனசு அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு சின்ன இனிப்புக்காக வாயை மூடியவள் இப்போது கருணைக்காக மூடுகிறேன் என்றால், அதே வாய்தானே.

மூன்றேமுக்காலுக்கு அவருடைய வலது செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு ஆர்லீன் இன்னொன்று எங்கே என்று தேடினாள். கரைக்குப் போய்க் கூடையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். இரண்டையும் சேர்த்து வைத்து, மணலைத் தட்டினாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் தனியாக இருக்கிறாள், துணைக்கு நான் வேண்டும் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். லின்டனுக்கு நான் செய்வது பெரிய தொண்டாகத் தெரிந்தது. "டாண்டி, உங்க மனசு யாருக்கும் வராது" என்றான், எங்கள் ஊரில் அத்தையைக் கூப்பிடுகிற சொல்லால். பொங்கப்போகிற பாலின் பக்கத்தில் நிற்கிறவளைப்போல நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் யாரிடமாவது மணியைப் பற்றிப் பேசி, யாராவது உளறிவிட்டால்?

கப்பல் காத்திருக்காது. அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கப்பலின் முகவர் ஓர் இளைஞன், வெயிலில் வெளுத்த மஞ்சள் மேற்சட்டை போட்டவன், மருத்துவமனைக்கே வந்து மிகுந்த பணிவோடு விஷயத்தைச் சொன்னான். அவர்கள் அறையிலிருக்கும் பொருட்களைப் பணியாள் பெட்டியில் அடுக்கிக் கரையில் இறக்கிவிடுவான். விடுதியில் அறை சொல்லியாயிற்று. தூதரகத்துக்கும் தகவல் போயாயிற்று. பெட்டிகளைப் பெற்றுக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட வேண்டும். ஆர்லீன் என்னைப் பார்த்து, "நீங்களும் வருவீங்களா?" என்று கேட்டாள்.

துறைமுகத்துக்குப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரின் எந்தக் கட்டடத்தையும்விட உயரமாகக் கப்பல் நின்றது. கடைசியாகத் திரும்பியவர்கள் வைக்கோல் தொப்பியும் ரம் புட்டியுமாகப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சுங்கக் கொட்டகையின் பெஞ்சில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு நீலப் பெட்டிகள் தள்ளுவண்டியில் வந்தன. ஆர்லீன் ஒன்றைத் திறந்து பார்த்தாள். அவருடைய சட்டைகள் ஒவ்வொன்றும் கடையில் வைப்பதுபோல மடித்திருந்தன. "அவர் இப்படி மடிச்சதே இல்லை" என்றாள். மேலே ஒரு சிறிய பையில் வார் அறுந்த கைக்கடிகாரம் இருந்தது. அதைத் தொடவில்லை. பெட்டியை மூடினாள்.

முகவர் தாளை நீட்டினான். பெட்டி இரண்டு, கடவுச்சீட்டு இரண்டு, மருந்துப் பை ஒன்று, நேரம் ஐந்து ஐம்பது என்று எழுதியிருந்தது. அவள் பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடுமுன் கடிகாரத்தைப் பார்த்தாள். "நேரத்தைத் தப்பா எழுதியிருக்கீங்க, தம்பி. நாலு ஐம்பது" என்று மெதுவாகச் சொன்னாள். திருத்துவதற்குக்கூடப் பேனாவைக் கொண்டுபோனாள்.

"அது கப்பல் நேரம், மேடம். இங்க அஞ்சு ஐம்பதுதான்" என்றான் அவன். அவனைக் குறை சொல்ல முடியாது. நாளுக்கு நூறு தடவை சொல்கிறதைச் சொன்னான்.

அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அவன் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"அவர் உங்ககிட்ட மணி கேட்டாரா?" என்றாள்.

"கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"பன்னிரண்டு. எங்க மணி."

அவள் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. குழந்தைகள் விரல் விடுவதுபோல மெதுவாகப் போட்டாள். விடை வந்த இடத்தை நான் அவள் முகத்தில் பார்த்தேன். அங்கே இருந்துவிடக்கூடாது என்று இருந்தது. எழுந்திருக்கவும் முடியவில்லை.

"அப்ப நான் ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கேன்" என்றாள். "ஆப்பிள் தின்னுட்டு."

"நானும்தான் உக்காந்திருந்தேன்" என்றேன். "எங்க ஒரு மணிக்கே அவர் செருப்பு கூடையில கிடந்ததைப் பாத்தேன். எழுந்துகூட நின்னேன். நீங்க நிம்மதியா இருந்தீங்க. உங்களுக்கு ஏதோ தெரியும்னு நினைச்சு உக்காந்துட்டேன்."

"நான் உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றாள் அவள். "கடலைப் பாக்க முடியாது எனக்கு. இந்தம்மாவுக்குக் கடல் தெரியும், இவங்க முகம் மாறலைன்னா ஒண்ணுமில்லைன்னு இருந்தேன்."

கப்பலின் பாலத்தை மேலே இழுத்தார்கள். சொல்லியாயிற்று என்று எனக்குள் ஓர் இலேசு வந்தது. வெட்கம் கெட்ட இலேசு. முழுவதையும் சொல்லிவிட்டவளைப்போல மூச்சு விட்டேன். அவள் அந்த மூச்சு முடிவதற்குள் கேட்டாள்.

"வழக்கமா ரெண்டு நேரத்தையும் சொல்வீங்களா?"

"சொல்வேன். எல்லார்கிட்டயும் சொல்வேன்."

"அவர்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ள விரும்பினாள், அவ்வளவே. மனசுல வச்சுக்காதீங்க என்று மதியம் என்னிடம் சொன்னவள் அவள். உண்மையைச் சொன்னால் அதைத் தாங்கக்கூடிய ஒரே ஆள் உலகத்தில் அவளாகத்தான் இருந்திருப்பாள். அவருடைய பாடம் எடுக்கும் குரலோடு நாற்பது வருடம் வாழ்ந்தவள். எத்தனை தடவை அவளுக்கே வாயை மூடிக்கொள்ளத் தோன்றியிருக்கும். சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். சொல்லியிருந்தால் அவள் என்னை அறைந்தும் இருக்கலாம். இரண்டில் எதற்கு நான் அதிகம் பயந்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

"மறந்துட்டேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கண் நிறைந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மணல் ஒட்டிய கை. "மறக்கிறது யாருக்கும் வரும், யூலாலி" என்றாள். அன்று முழுக்க அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "பதினாலு பயணம். அவர் சொல்றது எந்த மணின்னு நான் ஒரு தடவைகூட அவரைக் கேட்டதில்லை. நீங்க இதையே நினைச்சுட்டு இருக்காதீங்க. நினைக்க மாட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன்.

விடுதிக்குக் கூட்டிப்போக முகவரின் கார் வந்தது. இரண்டு பெட்டிகளையும் பின்னால் ஏற்றினார்கள். மறுநாள் காலை வரட்டுமா என்று கேட்டேன். மகன் வந்துவிடுவான், நீங்கள் செய்தது போதும் என்றாள். செய்தது போதும் என்பதை நன்றியாகத்தான் சொன்னாள். கார் வாசலைத் தாண்டும்வரை நின்றேன். கப்பல் பின்பக்கமாக நகர்ந்து, மெல்லத் திரும்பியது. அதன் எல்லாச் சன்னல்களிலும் விளக்கு ஏற்றியிருந்தார்கள். மேல்தளத்தில் யாரோ ஒலிபெருக்கியில் எதையோ அறிவித்தார்கள், கூட்டம் கை தட்டியது.

லின்டன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஏறிக்கொள்ளச் சொன்னான். மலைப்பாதையின் முதல் திருப்பத்தில், அந்தம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டான்.

"மன்னிச்சுட்டாங்க" என்றேன்.

"எதுக்கு? நீங்க என்ன பண்ணீங்க, டாண்டி?" என்றான்.

சாலையைப் பார்த்து ஓட்டு என்றேன்.